கேட்டவர்கள் திரும்பி வருவதில்லை

2005ஆம் ஆண்டின் நடுப்பகுதி. ஆழிப்பேரலை வந்து ஆறேழு மாதங்கள் கழிந்திருந்தன. செய்தி சேகரிப்பதற்காக மட்டக்களப்புக் கரையோரத்திலிருந்த தற்காலிக முகாமொன்றுக்குச் சென்றிருந்தேன். தொண்டு நிறுவனமொன்றின் இளைஞர் வினாக்கொத்துடன் கொட்டில் கொட்டிலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். வழங்கப்பட்ட உதவிகள் திருப்தியளிக்கின்றனவா என்பது கேள்வி. ஆம், ஓரளவு, இல்லை என மூன்று கட்டங்கள்.

"எல்லாம் நல்லம் தம்பி" என்றார் ஒரு முதிய தாயார். 'ஆம்' என்பதற்கு நேரே புள்ளடி விழுந்தது.

இளைஞர் அப்பால் சென்றதும் அதே தாயார் என்னிடம் சொன்னது வேறு. மலசலகூடம் முகாமின் மறுகோடியில் இருந்தது. விளக்கில்லை. இருட்டியபின் அங்கு செல்ல அஞ்சிக் குமர்ப்பிள்ளைகள் பின்னேரத்திலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்களாம். இதை ஏன் அவரிடம் கூறவில்லை என்று கேட்டேன். "குறை சொன்னா அடுத்த சாமான் வராமப் போயிரும்."

சில மாதங்களின் பின் அந்நிறுவனத்தின் அறிக்கை என் மேசைக்கு வந்தது. பயனாளிகளிற் பெரும்பாலானோர் திருப்தி தெரிவித்துள்ளதாக அதில் கண்டிருந்தது. அதை அப்படியே செய்தியாக்கியவன் நான்தான். நேரமின்மை, இடமின்மை என்று காரணம் கூறலாம். பத்திரிகைக்காரனுக்குக் காரணங்களுக்கா பஞ்சம்!

அந்த இளைஞரைக் குறைகூற எனக்கு மனமில்லை. அந்தத் தாயார் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவரால் ஒரு விளக்கைக்கூடப் பொருத்தியிருக்க முடியாது. எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவிடுவது என்பது அவர் முகாமுக்குள் காலடி வைக்கும் முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. வினாக்கொத்து முகாமில் நிரப்பப்பட்டாலும் அதன் வாசகர் கடல் கடந்து இருக்கும் கொடையாளரே.

இது என்னுடைய மனக்குறை மட்டுமன்று. ஆழிப்பேரலை நிவாரணத்துக்கெனச் சர்வதேச ரீதியில் திரண்ட நிதி ஏறத்தாழ 1,350 கோடி அமெரிக்க டொலர். அது செலவான விதத்தை ஆராயவென உதவி நிறுவனங்களே கூட்டாக அமைத்த மதிப்பீட்டுக் குழு 2006இல் தன் முடிவுகளை வெளியிட்டது. நிறுவனங்கள் பாதிக்கப்பட்டோருக்குப் பதில் கூறுவதைவிடக் கொடையாளருக்குப் பதில் கூறுவதிலேயே கூடிய அக்கறை காட்டின என்பது அதன் கண்டனங்களுள் ஒன்று. பின்னர் 2014இல் வகுக்கப்பட்ட மனிதாபிமான நியமங்கள், முறைப்பாடுகளை வரவேற்றுத் தீர்த்துவைப்பதையும் ஒரு கடப்பாடாக்கின. 2016இல் இஸ்தான்புல் மாநாட்டில் கொடையாளரும் நிறுவனங்களும் செய்துகொண்ட பெரும் உடன்பாட்டில், மக்கள் பங்கேற்பில் ஒரு புரட்சியே வாக்களிக்கப்பட்டது. புரட்சி என்ற சொல்லை இவ்வளவு மலிவாக எம்மவர்கூடப் பயன்படுத்தியதில்லை.

வாக்குறுதிகளுக்குப் பின் முறைப்பாட்டுப் பெட்டிகளும் தொலைபேசி இலக்கங்களும் பெருகின. ஆயினும், கேட்டவர் அதே கொட்டிலுக்குத் திரும்பி வந்து, "நீங்கள் சொன்னது இது, நாம் மாற்றியது இது, மாற்ற முடியாதது இது, காரணம் இது" என்று கூறிய சந்தர்ப்பங்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கொடையாளர்கள் எத்தனை பேரிடம் கருத்துக் கேட்டீர்கள் என்று விசாரிப்பதை விடுத்து, கேட்டதால் எதை மாற்றினீர்கள் என்று விசாரிக்கட்டும். அந்த மாற்றத்துக்கென எந்தத் தலைப்பிலும் சேராத ஒரு சிறு தொகையையும் ஒதுக்கட்டும். முகாமில் நிற்கும் உத்தியோகத்தர் கொழும்பின் அனுமதிக்குக் காத்திராமல் ஒரு விளக்கு வாங்க அது போதும்.

அந்த மலசலகூடத்துக்கு வெளிச்சம் வந்ததா என்பதைப் பார்க்க நானும் திரும்பிச் செல்லவில்லை.