பச்சைத் துணியின் மேல் பழி

ஒரு படம் பிடிக்காமல் போனால், கதையைக் குறை சொல்வதற்கு முன்பே அந்தத் தீர்ப்பு வந்துவிடுகிறது: “எல்லாம் கிரீன் மேட்டுப்பா!” பச்சைத் துணியைக் கட்டிவிட்டு மீதியைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டார்கள், யாரும் உழைக்கவில்லை என்று பொருள். யூடியூப் விமர்சகர் முதல் தியேட்டரில் பக்கத்து இருக்கைக்காரர் வரை ஒரே குரல்தான். இதில் அநேகமாக எதுவுமே சரியில்லை என்பது என் கட்சி.

முதலில், இது கம்ப்யூட்டர் காலத்துக் குறுக்குவழி என்பது. ஒருவரை ஓரிடத்தில் படமெடுத்து வேறொரு காட்சியோடு சேர்க்கும் வேலை கம்ப்யூட்டருக்குப் பல தலைமுறை மூத்தது. 1898-இல் பிரான்சின் திரைப்பட இயக்குநர் ஜார்ஜ் மெலியே கறுப்புப் பின்னணியின் முன் நின்று, ஒரே ஃபிலிமைத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்து, தன் தலையைத் தானே கழற்றி மேசைமேல் வைத்துக் காட்டினார். 1940-இல் வந்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ படத்தில் தந்திரக் காட்சி நிபுணர் லாரி பட்லர் நீலத் திரையைப் பயன்படுத்தினார். அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளுக்கு ஆஸ்கர் கிடைத்தது. நிறத்தைப் பிரித்து, ஆளின் நிழலுருவை மாஸ்க்காக எடுத்து, ஆப்டிகல் பிரிண்டரில் ஃபிரேம் ஃபிரேமாகச் சேர்த்தார்கள். கொஞ்சம் பிசகினால் ஆளைச் சுற்றி நீலக்கோடு ஓடும்.

அந்தக் கோட்டை ஒழிக்கத்தான் பொறியாளர் பெட்ரோ விலாஹோஸ் வருடக்கணக்கில் மெனக்கெட்டார். டிஸ்னியின் ‘மேரி பாப்பின்ஸ்’ (1964) படத்துக்குப் பயன்பட்ட அவருடைய உத்தியை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். நம் தெருவிளக்குகளில் முன்பு எரிந்ததே சோடியம் மஞ்சள், அந்த ஒளியைப் பின்திரையில் மட்டும் பாய்ச்சினார்கள். நடிகர்களுக்குச் சாதாரண விளக்கு. கேமராவுக்குள் ஒரு பட்டகம் அந்த மஞ்சளை மட்டும் பிரித்து இரண்டாவது ஃபிலிமுக்கு அனுப்பிவிடும். படம்பிடிக்கும்போதே மாஸ்க் தயார். தொப்பியிலிருந்து தொங்கும் மெல்லிய வலைத்துணிகூடச் சுத்தமாகப் பிரிந்து வந்தது. கம்ப்யூட்டருக்கு இதில் வேலையே இல்லை.

இரண்டாவது, ‘துணி கட்டினால் போதும்’ என்பது. பச்சை ஏன் என்று கேட்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். மனிதத் தோலில் பச்சை தூக்கலாக இருப்பதில்லை. தவிர, பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களின் சென்சாரில் நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சை. சிவப்பும் நீலமும் ஒவ்வொன்றுதான். ஆகவே பச்சையில் விவரம் அதிகம், இரைச்சல் எனப்படும் பிசிறு குறைவு. ஆனால் துணி சமமாக ஒளிர வேண்டும். ஒரு சுருக்கம், ஒரு நிழல் விழுந்தால் கணினிக்கு அது வேறு பச்சை. நடிகர் துணிக்கு நெருக்கமாக நின்றால் அந்தப் பச்சை அவர் கன்னத்திலும் வெள்ளை வேட்டியிலும் ஏறும். அதைக் கழுவுவதே தனி வேலை. தலைமுடி, புகை, கண்ணாடி, வேகமாக வீசும் கை எல்லாம் பாதி ஆளும் பாதி பின்னணியுமாகக் கலந்து நிற்பவை. நிறத்தை வைத்துப் பிரிக்கும் கீயிங்கில் பிரியாததை, ரோட்டோ செய்பவர் ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் வரைந்து பிரிக்கிறார். விநாடிக்கு 24 ஃபிரேம். உடையும் திரையும் ஒரே நிறமானால் உடையும் மறைந்துவிடும். 2002-இல் வந்த ‘ஸ்பைடர்மேன்’ படத்தில் கதாநாயகன் உடையில் நீலம், வில்லன் உடையில் பச்சை. ஆகவே நாயகனுக்குப் பச்சைத் திரை, வில்லனுக்கு நீலத் திரை.

இந்தத் தவறான எண்ணம் பரவியதற்கு நாம் விரும்பிப் பார்க்கும் ‘முன்னும் பின்னும்’ வீடியோக்களும் காரணம். பச்சை மறைந்து மலை முளைக்க அதில் மூன்று விநாடி. அந்த மூன்று விநாடிதான் பொய்.

‘பார்த்தாலே தெரிந்துவிடும்’ என்பது அடுத்தது. தெரிந்தது மட்டும்தானே கணக்கில் வருகிறது? டேவிட் ஃபின்ச்சரின் ‘ஸோடியாக்’ (2007) படத்தில், 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் டாக்சி ஓட்டுநர் சுட்டுக்கொல்லப்பட்ட தெருமுனை வருகிறது. நடிகர்களை நீலத் திரை முன் எடுத்து, சுற்றியிருக்கும் வீடுகளையும் தெருவையும் கணினியில் கட்டினார்கள். பறக்கும் டிராகன் ஒன்றும் அதில் இல்லாததால் நாம் சந்தேகப்படவில்லை.

வெறும் துணி முன் நின்றால் நடிகருக்கு உணர்ச்சி வராது என்ற புகாருக்கு நீளமான பதில் வேண்டாம். தெருக்கூத்தில் ஒரு திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டே அரண்மனையையும் காட்டையும் காட்டிவிடுகிறார்கள்.

உண்மையிலேயே மோசமான காட்சிகள் உண்டு, மறுக்கவில்லை. பின்னால் அந்தி வானம், முகத்தில் உச்சிவெயில் என்று அபத்தமாக நிற்கும் ஹீரோக்களை நானும் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அது துணியின் குற்றமல்ல. “போஸ்ட் புரொடக்‌ஷனில் பார்த்துக்கலாம்” என்று படப்பிடிப்பு நாளில் சொன்னவரின் குற்றம். வெளியீட்டுத் தேதியை அறிவித்துவிட்டு அவகாசத்தை வெட்டியவரின் குற்றம். ‘தி மேண்டலோரியன்’ (2019) தொடருக்குப் பிறகு பிரபலமான, நடிகர்களுக்குப் பின்னால் காட்சியை ஓடவிடும் எல்இடி சுவர் இதையெல்லாம் தீர்த்துவிடும் என்கிறார்கள். அந்தத் தொடரின் நாயகன் அணியும் பளபளக்கும் கவசத்தில் பின்னணி தானாகவே பிரதிபலிப்பது பெரிய லாபம்தான். ஆனால் சுவரில் ஓடும் காட்சி படப்பிடிப்புக்கு முன்பே தயாராக வேண்டும். வேலை முன்னே நகர்ந்திருக்கிறது, அவ்வளவே.

கடைசியாக, ‘யாரும் உழைக்கவில்லை’ என்பது. புதுச்சேரியில் தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் கடலை, தைவானில் தொட்டி கட்டி எடுத்தார்கள். புலியைப் பெரும்பாலும் கணினியில் உருவாக்கியது ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம். 2013 பிப்ரவரியில் அது திவால் மனு கொடுத்தது. அதே மாதம் அந்தப் படத்துக்குக் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது. மேடையில் காட்சி விளைவு மேற்பார்வையாளர் பில் வெஸ்டன்ஹோஃபர் அந்த நிறுவனத்தின் நெருக்கடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது ‘ஜாஸ்’ படத்தின் சுறா இசையைப் போட்டு, மைக்கை நிறுத்திவிட்டார்கள். வெளியே தெருவில் காட்சி விளைவுக் கலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாட்களில் உலகம் முழுவதும் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஃபேஸ்புக்கில் தங்கள் முகத்தை எடுத்துவிட்டு, வெறும் பச்சைச் சதுரத்தை வைத்தார்கள்.