சொத்து வரிக்கும் கணக்குச் சீட்டு வேண்டும்



ஆயிரம் ரூபாய்க்குச் சரக்கு விற்றால் என்ன சரக்கு, என்ன எடை, என்ன விலை, எவ்வளவு வரி என்று பிரித்து எழுதிப் பில் தர வேண்டும் என்பது நமக்குச் சொல்லப்படும் சட்டம். ஆனால் நாம் குடியிருக்கும் வீட்டுக்கு வருகிற சொத்து வரிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அரையாண்டுக்கு இவ்வளவு என்ற தொகை இருக்கும், நிலுவை இருந்தால் அதுவும் இருக்கும். எத்தனை சதுர அடி, அடிக்கு என்ன வீதம், கட்டடத்தின் வயதுக்கு என்ன கழிவு என்று வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள அந்தச் சீட்டு உதவுவதில்லை.

வரியே கூடாது என்பது நமது வாதமல்ல. சாக்கடை தூர் வாரவும், தெருவிளக்கு எரியவும், குடிநீர் வரவும் பணம் வேண்டும். மழைக்காலத்தில் மார்க்கெட் ரோட்டில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாம் கேட்பது, மதிப்பீடு சரியாக இருக்க வேண்டும், அது நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான்.

வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது? சென்னை மாநகராட்சி கையாண்டு வந்த முறையை எடுத்துக்கொள்வோம். கட்டடப் பரப்பை அந்தத் தெருவுக்குரிய அடிப்படை வீதத்தால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு. பராமரிப்புக் கழிவு போக, 12-க்குப் பதில் 10.92-ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு. அதன் மேல்தான் வரி விழுகிறது. ஆகவே பரப்பு, வீதம், உபயோகம் ஆகிய மூன்றில் எது பிசகினாலும் கடைசித் தொகை பிசகும்.

நம்மில் பலருக்கு முன்புறம் கடை, பின்புறம் வீடு. தொந்தரவு இங்கேதான் வருகிறது. உதாரணத்துக்கு மட்டும் ஒரு கணக்கு: கட்டடம் 900 சதுர அடி, அதில் கடை 200 அடி என்று வையுங்கள். வீட்டுக்கு அடிக்கு 1 ரூபாய், கடைக்கு 4 ரூபாய் வீதம் என்று கொள்வோம். கடைக்கு 800, வீட்டுக்கு 700, ஆக மாத மதிப்பு 1,500 ரூபாய்; ஆண்டு மதிப்பு 16,380. முழுக் கட்டடத்தையும் கடை என்று எழுதிவிட்டால் மாதம் 3,600, ஆண்டு மதிப்பு 39,312. இரண்டு மடங்குக்கும் மேல்! பாயும் தலையணையும் கிடக்கிற அறைக்குக் கடை வீதம் போட்டிருக்கிறது என்பது, கணக்கைப் பிரித்துக் காட்டினால்தானே வீட்டுக்காரருக்குத் தெரியும்?

அடுத்தது 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட உயர்வு. 15-வது நிதிக் குழு மானியத்துக்கு விதித்த நிபந்தனையை அரசு காரணமாகச் சொன்னது. சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகும் பொதுச் சீராய்வு நிலைக்கவில்லை என்பதும் உண்மையே. 2018-ல் உயர்த்தினார்கள், 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள், கூடுதலாகக் கட்டியது பின்னால் சரிக்கட்டப்படும் என்றார்கள். பிறகு 2022-ல், சென்னையின் பழைய பகுதி நீங்கலாக, குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று படி வைத்தார்கள். சென்னையின் பழைய பகுதிகளில் இது 50-ல் தொடங்கி 150 வரை போனது.

சிறு வீட்டுக்குக் குறைவாக வைத்ததை நாம் பாராட்டுகிறோம். ஆனால் படியின் விளிம்பைக் கவனியுங்கள். 1,200 அடி வீட்டுக்குப் பழைய வரி 1,000 ரூபாய் என்றால் புது வரி 1,500. அதே வரி கட்டி வந்த 1,201 அடி வீட்டுக்கு 1,750. ஒரே ஒரு சதுர அடிக்கு அரையாண்டுக்கு 250 ரூபாய்! வருமான வரியில் படி மாறினால் மிஞ்சிய தொகைக்கு மட்டுமே அதிக வீதம். இங்கேயும் மிஞ்சிய அடிக்கு மட்டும் அதிக வீதம் போட்டிருக்கலாம். போடாதபோது, டேப்பைப் பிடிக்கிறவர் கை அரை அடி நகர்ந்தால் போதும், குடும்பம் மேல் படிக்குப் போய்விடுகிறது.

2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. இருபது வருஷம் தூங்கிவிட்டு ஒரே நாளில் இரட்டிப்பாக்குவதைவிட ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏற்றுவது மேல் என்பதே நமது கருத்து. இதில் நண்பர்கள் சிலர் நம்மோடு ஒத்துப்போக மாட்டார்கள். ஆனால் 6 சதவீதம் வருஷா வருஷம் ஏறினால் 12 ஆண்டில் தொகை இரட்டிப்பு. வட்டிக்கு வட்டி பார்த்தவர்களுக்கு இது புரியும். அடிப்படை மதிப்பில் இருக்கும் பிழையும் அதே வேகத்தில் வளரும் என்பதால் இப்போதே திருத்திக்கொள்வது அவசியம்.

திருத்தக் கேட்பது எங்கே? வரி போட்ட அலுவலகத்திலேயே முதலில் மனு கொடுக்க வேண்டியிருக்கிறது. நமது தராசுக்கும் எடைக்கல்லுக்கும் வெளியார் வந்து முத்திரை போட்டால்தான் செல்லும். வீட்டை அளந்த அளவுக்கும் அப்படி ஒரு வெளியார் வேண்டும். ஓய்வு பெற்ற நீதித்துறை அலுவலர் ஒருவரும், பொறியாளர் ஒருவரும், வரி செலுத்துவோர் சார்பில் ஒருவரும் கொண்ட குழு, மனு வந்த 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று அரசைக் கேட்கிறோம்.

சங்கமாகச் சேர்ந்து கேட்டால் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் குண்டூரை நினைத்துக்கொள்ளட்டும். அவ்வூர் வரி செலுத்துவோர் சங்கம் நகராட்சியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை நின்றது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படியான நியாய வாடகையை ஒட்டியே ஆண்டு மதிப்பு போட வேண்டும் என்று 1970-ல் தீர்ப்பானது. சட்டங்கள் பிறகு மாறிவிட்டன. வரி போடுகிறவர் நினைத்த தொகையை எழுத முடியாது என்பது அன்றே முடிவானது.

ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை உண்டு. அதை விட வேண்டாம். வரியைக் கட்டிவிட்டே மனுவும் கொடுக்கலாம். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை சாத்தியபின், கடைப் பகுதியையும் வீட்டுப் பகுதியையும் தனித்தனியே அளந்து, பழைய ரசீது நகலோடு எழுதி வையுங்கள். மதிப்பீட்டு விவரம் கேட்டு எல்லோரும் ஒரே வாசகத்தில் மனு கொடுப்பது நல்லது. அதன் படிவத்தைச் சங்க அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.