கொல்லைப்புறத்தில் ஒரு குற்றாலம்

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நேயர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். வீட்டின் பின்கட்டைத் தாண்டி, கிணற்றடிக்கும் தென்னைக்கும் நடுவே ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு சிறு குளம் கட்டிச் சிமெண்டுப் பூச்சும் முடித்துவிட்டாராம். ஒரு கரையில் கருங்கற்களை அடுக்கி, உச்சியிலிருந்து தண்ணீர் அருவியாக விழும்படி செய்ய வேண்டுமென்பது வீட்டுக் குழந்தைகளின் ஆசை. அரைக் குதிரைச் சக்தி மோட்டாரும் ஓரங்குலப் பி.வி.சி. குழாயும் இருந்தால் போதும் என்று கடைக்காரர் சொல்லுகிறாராம். வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்க வேண்டாம் என்பதே நம் விடை. அருவியைக் கைவிடச் சொல்லவில்லை. அந்த மோட்டார் வேண்டாம். அந்தக் குழாய் நிச்சயமாக வேண்டாம்.

திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு அருவி என்றால் ஒரு தனி மோகம் உண்டு. குற்றாலமும் பாபநாசமும் பாணதீர்த்தமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அது இராமல் என்ன செய்யும்? ஆனால் பொதிகையில் குதித்து விளையாடிய தாமிரபரணி, ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்து சேரும்போது வயதும் நிதானமும் அடைந்துவிடுகிறாள். அங்கே அவள் விழுவது ஓரிடத்தில் மட்டுமே. அது மனிதர் கட்டிய அணைக்கட்டு. ஆற்றின் மேலுள்ள எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது அது; 1873-ல் கட்டி முடிந்தது. அதன் வடகால், தென்கால் என்னும் இரு பெருங்கால்கள் 25,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குத் தண்ணீர் தருகின்றன. கோரம்பள்ளம் குளமும் கடம்பாக்குளமும் அவற்றால் நிறைகிறவையே. இவ்வளவு வேலைக்கும் அங்கே ஒரு யந்திரம் சுழலவில்லை. பள்ளம் கண்ட இடத்துக்குத் தண்ணீர் ஓடும் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு கால்களை வெட்டியிருக்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் ஆறு பெருகியிருக்கும் சமயம் அந்த அணைக்கட்டைப் பார்த்தவர்கள், அதன் உயரம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்ததுண்டா? குற்றாலத்துப் பேரருவியின் பக்கத்தில் வைத்தால் அது வெறும் படிக்கட்டு. ஆயினும் கண்ணை நிறைக்கிறது, காதை நிறைக்கிறது. காரணம் அதன் அகலம். கரைக்குக் கரை ஒரே கண்ணாடித் தகடாக நீர் மடிந்து விழுவதால் வந்த அழகு அது. கொல்லைப்புறத்தில் அருவி கட்டுகிறவர் குற்றாலத்தைப் பார்த்துக் கட்டக் கூடாது. தம் ஊர் அணைக்கட்டைப் பார்த்துக் கட்ட வேண்டும். உயரம் மூன்றடிக்கு மேல் தேவையில்லை. உயரம் கூடக் கூட மின்சாரச் செலவு ஏறும். விழும் நீரும் காற்றில் சிதறிக் குளத்துக்கு வெளியே போகும்.

நீர் விழுகிற விளிம்புக் கல் ஓரடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதன்மீது முக்கால் அங்குலக் கனத்துக்குக் குறையாமல் நீர் புரண்டால்தான் தகடுபோல் விழும். இல்லாவிட்டால் கல்லை நக்கிக்கொண்டு வழியும். அதற்கு மணிக்குச் சுமார் 5,000 லிட்டர் தண்ணீர் மேலே வந்துகொண்டிருக்க வேண்டும். நிமிஷத்துக்கு 83 லிட்டர், ஆறேழு குடம். அதே நீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது என்பதால் பயப்பட வேண்டாம். விளிம்பை இரண்டடி ஆக்கினால் கணக்கும் இரட்டிக்கும். ஆகவே ஓரடியோடு நிற்பது உத்தமம். விளிம்புக் கல் மட்டப்பலகைக்கு அணுவளவும் சாயாமல் இருக்கட்டும்; சாய்ந்தால் தண்ணீரெல்லாம் ஒரு மூலைக்கு ஓடி, அருவி குழாயடியாகிவிடும்.

இந்த 5,000 லிட்டரை மேலே கொண்டுபோகும் குழாயின் விஷயத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். குழாய் எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு மலிவு என்று கடையில் தோன்றும். ஆனால் தண்ணீர் குழாயின் சுவரோடு உரசிக்கொண்டே போகிறது. அந்த உராய்வை வெல்வதற்கும் மோட்டாருக்குப் பலம் வேண்டும். முப்பதடி நீளமுள்ள ஓரங்குலக் குழாயில் மணிக்கு 5,000 லிட்டரைத் தள்ளினால், உராய்வுக்கு மட்டும் ஏறக்குறைய பத்தடி உயரத்துக்குச் சமமான பலம் வீணாகிறது. மூன்றடி அருவிக்குப் பதிமூன்றடி ஏற்றும் மோட்டார்! ஒன்றரை அங்குலக் குழாயானால் இந்த நஷ்டம் ஒன்றேகால் அடி. இரண்டங்குலக் குழாயில் நாலே நாலு அங்குலம். விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் உராய்வு பாதியாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அது முப்பதில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. இயற்கை இவ்வளவு தாராளமாகத் தள்ளுபடி கொடுக்கும் இடங்கள் மிகக் குறைவு. குழாய்க்கு ஒருமுறை அதிகம் கொடுத்தால் போயிற்று. மின்சாரத்துக்கு மாதந்தோறும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கடையில் கேட்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாம்பல் நிறப் பி.வி.சி. குழாய்களுக்கு மில்லிமீட்டரில் போட்டிருப்பது வெளிவிட்டம். இரண்டங்குலம் என்று பிளம்பர் சொல்வது 63 மில்லிமீட்டர்க் குழாயை. ஒன்றரை அங்குலம் என்பது 50 மில்லிமீட்டர். நேயருடைய குளத்துக்கு 63 மில்லிமீட்டரே சரி. தூத்துக்குடி நகரத்தார் இதைப் பெரிய அளவில் அனுபவித்து அறிந்தவர்கள். உப்புக் கிணறுகளால் அவதிப்பட்ட அந்தத் துறைமுகத்துக்கு, நகரசபைத் தலைவராயிருந்த குரூஸ் பர்னாந்து அவர்களின் முயற்சியால் வல்லநாட்டிலிருந்து ஆற்று நீர் குழாய் வழியாக வந்தது. அத்தனை மைல் தூரத்துக்குக் குழாய் ஒடுக்கமாக இருந்திருந்தால் வந்து சேர்வது வெறுங் காற்றாகத்தான் இருந்திருக்கும்.

இனி மோட்டார். வீட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றும் அரைக் குதிரைச் சக்தி மோனோபிளாக், கொஞ்சம் தண்ணீரை வெகு உயரத்துக்கு அனுப்புவதற்காகப் பிறந்தது. நமக்கு வேண்டியது நேர் விரோதம். நிறையத் தண்ணீர், மிகக் குறைந்த உயரம். குளத்துக்குள்ளேயே முழுகிக் கிடக்கும் சிறு சப்மெர்ஸிபிள் மோட்டார்களில் இந்த ஜாதியைச் சேர்ந்தவை கிடைக்கின்றன. பெட்டியின் மேல் இரண்டு எண்களைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இவ்வளவு லிட்டர், இவ்வளவு உயரம் என்று. இரண்டும் பொய்யல்ல, ஆனால் இரண்டும் ஒருசேர மெய்யுமல்ல. அந்த லிட்டர்க் கணக்கு உயரமே இல்லாதபோது கொட்டுவது. அந்த உயரக் கணக்கோ, ஒரு சொட்டுக்கூட வெளியே வராமல் குழாயில் தண்ணீர் திணறி நிற்கும் இடம். நாலடி உயரத்தில் மணிக்கு எத்தனை லிட்டர் என்று பெட்டிக்குள்ளிருக்கும் வளைகோட்டுப் படத்தைப் பார்த்துக் கேளுங்கள். படம் இல்லையென்றால் வேறு கடைக்குப் போங்கள்.

அகலக் குழாயும் தக்க மோட்டாருமாக இருந்தால் 50, 60 வாட்டில் காரியம் முடியும். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்டைத் தாண்டாது. அரைக் குதிரைச் சக்தியோ 370 வாட். அது உறிஞ்சும் மின்சாரம் அதற்கும் மேல். எட்டு மணி நேரத்தில் மூன்று யூனிட்டை விழுங்கிவிட்டு, அருவியையும் ஒழுங்காகக் காட்டாது.

இந்த மின்சாரம் வருகிற வழியையும் சிறிது நினைக்கலாம். இதே தாமிரபரணி பாபநாசத்தில் விழுகிற விசையைக் கொண்டு ஹார்வி கம்பெனியார் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே நூற்பாலை நடத்தினார்கள். தூத்துக்குடிக் கோரல் ஆலையில் 1908-ல் வ. உ. சி. நடத்திய வேலைநிறுத்தத்தால் தேசமறிந்த கம்பெனி அதுதான். பிறகு 1944-ல் அங்கே நீர்மின் நிலையம் ஏற்பட்டது. மேலே ஆறு விழுந்து மின்சாரம் தர, கீழே அந்த மின்சாரத்தைக் கொண்டு அதே ஆற்று நீரைத் தூக்கி நாம் மறுபடி விழ வைக்கிறோம்! சிரிக்க வேண்டிய விஷயந்தான். ஆனால் அந்தச் சிரிப்பு அரை யூனிட்டோடு முடிவது நல்லது.

மோட்டார் செய்வதில் நம்மவர் பின்தங்கியவரல்லர். 1937-லேயே கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்நாட்டு மின்சார மோட்டாரை உருவாக்கிக் காட்டினார்கள். இன்றைக்கும் பம்பு என்றால் கோவைதான். குழாயோ இன்னும் நெருங்கிய உறவு. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அந்தக் குளோரின் உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சிப் பிரிப்பது. ஒரு கிலோ பி.வி.சி.க்கு ஏறக்குறைய ஒரு கிலோ உப்பு என்று கணக்கு. தூத்துக்குடிக் கரையில் உப்பளங்களுக்குக் குறைவில்லை. ஆறுமுகநேரிக்கு அருகே ஸாகுபுரத்துத் தொழிற்சாலையில் பி.வி.சி. தயாராகிறது. 1930-ல் ஒரு பிடி உப்புக்காக வேதாரண்யத்தில் தடியடி பட்ட தேசத்தில், உப்பு குழாயாகி வீட்டுக் கொல்லைக்கு வந்திருக்கிறது.

பொருத்தும் வேலையில் அவசரம் கூடாது. குழாயை நேராக அறுத்து, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, இரண்டு பக்கமும் பசை தடவிச் செருகிக் கால் சுற்றுத் திருப்பிச் சிறிது நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மறுநாள்தான் தண்ணீர் விடலாம். செங்கோணமாய்த் திரும்பும் எல்போ ஒவ்வொன்றும் தண்ணீருக்கு ஒரு முட்டுச் சுவர். அதற்குப் பதில் மெதுவாக வளையும் பெண்டைப் போடச் சொல்லுங்கள். அருவியின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கேட் வால்வு வைப்பதானால் மோட்டாருக்கு அப்பால், மேலே போகும் குழாயில் வைக்க வேண்டும். வெயில் படும்படி குழாயை விட்டால் சில வருஷங்களில் அப்பளமாய் நொறுங்கும். மண்ணுக்குள் புதைப்பது நலம்.

மோட்டாரைக் குளத்தின் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் வைத்து, அருவி விழும் கரைக்கு எதிர்க்கரையில் அமர்த்தி, வலைக்கூடையால் மூடவும். வண்டல் எதையும் விடுவதில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டே வண்டலால் மேடிட்டு, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், 2015-ல் தூர் வார வேண்டி வந்தது. இரண்டடிக் குளத்துக்கு வருஷம் ஒருமுறையாவது அந்த வைத்தியம் தேவை. வாரியெடுத்த வண்டல் தென்னைக்கு நல்ல உரம். மற்றொன்று: மோட்டார் நின்றதும் பாறை மேலிருந்த தண்ணீரெல்லாம் குளத்துக்குள் இறங்கிவிடும். இந்தக் குளத்தில் ஓரங்குல உயரம் என்பது 56 லிட்டர். ஆகையால் விளிம்புக்கு மூன்றங்குலம் கீழேயே நிரப்பி நிறுத்த வேண்டும்.

தண்ணீர்ச் செலவு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடைமடை ஊரில் அது அந்தரங்க விஷயமல்ல. ஆறு சுருங்கும் மாதங்களில் கால்வாயில் எப்போது நீர் வரும் என்று வாழைக்காரரும் நெற்காரரும் பார்த்துக்கொண்டிருக்கிற இடம் அது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லியன் காலன், அதாவது சுமார் ஒன்பது கோடி லிட்டர், எடுப்பதென்று வகுத்த திட்டத்தின் மேல் விவசாயிகள் கொண்ட மனத்தாங்கல் தீராத பழங்கதை. அந்தக் கணக்கில் ஒரு வீட்டுக் குளம் துளியிலும் துளி. இருந்தாலும் அண்டை வீட்டார் குடத்தோடு தெருக்குழாயில் நிற்கும்போது நம் வீட்டில் அருவிச் சத்தம் கேட்பது கௌரவமாயிராது. இருபத்துநாலு சதுர அடிக் குளத்தில் வெயிலுக்கு ஆவியாவது நாளுக்கு ஏறக்குறைய ஒரு குடம். அது தவிர்க்க முடியாதது. அதற்கு மேல் குறைந்தால் கசிவு அல்லது சிதறல் என்று அறிக. விளிம்புக்குக் கீழே ஒரு தட்டைக் கல்லைச் சற்று உட்சாய்வாக வைத்தால் சிதறல் குளத்துக்குள்ளேயே விழும். அந்த ஒரு குடத்தையும் ஓட்டிலிருந்து வடியும் மழை நீரைத் தொட்டியில் பிடித்துவைத்துக் கொடுக்கலாம். ஆறு வற்றிக் கிணறும் இறங்கிவிட்டால் மோட்டாரை எடுத்துக் கழுவி உள்ளே வைத்துவிட்டு, குளத்துத் தண்ணீரைத் தென்னைக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

மின்சாரத்தோடு தண்ணீரைச் சேர்க்கும் காரியத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கலாகாது. மூன்று கம்பியுள்ள கேபிள், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றும் இல்லாமல் ஸ்விட்சைப் போடவே கூடாது. குளத்தில் கை வைக்கும் முன் மோட்டாரை நிறுத்துவதைக் குழந்தைகளுக்கும் பழக்குங்கள். ஸ்விட்சுப் பெட்டியை ஆளுயரத்துக்கு மேல் அமைப்பது நல்லது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயிலே நகர முடியாமல் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு நின்றுபோன ஊர் அல்லவா?

கொசுவைப் பற்றியும் கேட்டிருக்கிறார். ஓடுகிற நீரில் அது முட்டையிடாது. ஆனால் பாறை இடுக்கில் தேங்கும் உள்ளங்கையளவு நீர் டெங்குக் கொசுவுக்குத் தாராளம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை அந்த இடுக்குகளைத் துடைத்து உலரவிட வேண்டும். குளத்தில் பத்துக் கப்பி மீன்களை விட்டால் மீதியை அவை பார்த்துக்கொள்ளும். மோட்டாரின் வலைக்கூடை மட்டும் அவற்றின் குஞ்சுகள் நுழையாத அளவுக்கு நெருக்கமாக இருக்கட்டும்.