அடுக்களையில் நிற்பவர் யார்?

அமெரிக்காவில் 1950களில் கட்டப்பட்ட வீடுகளை வாங்குவோர் பலர், அவற்றின் சமையலறைகளை அக்கால வடிவிலேயே மீட்டெடுக்க விரும்புகின்றனர். இளம்பச்சை, இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள் வண்ணங்கள். குரோமிய விளிம்பிட்ட உணவுமேசை. எஃகுத் தகட்டாலான அலமாரிகள். நம் தச்சர்கள் சன்மைகா என்று சொல்லும் தகட்டின் மூத்த உறவான ஃபார்மைக்கா பதித்த மேடை. பழையதை இடித்தெறியாமல் பேண நினைப்பவர்களை நாம் மதிக்கிறோம். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இவர்கள் மீட்பது அந்தச் சமையலறையின் தோற்றத்தையா, அது தந்த வாக்குறுதியையா?

வாக்குறுதி ஒன்று இருந்தது என்பதற்கு வரலாறே சான்று. 1959 ஜூலை 24 அன்று மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில், அமெரிக்கத் துணை அதிபர் நிக்சன் சோவியத் தலைவர் குருஷேவுக்கு ஒரு மாதிரி வீட்டின் சமையலறையைக் காட்டினார். அங்கிருந்த இயந்திரங்கள் பெண்களின் வாழ்வை எளிதாக்குபவை என்பது அவர் வாதம். பெண்களைப் பற்றிய அந்த முதலாளித்துவ மனப்பான்மை எங்களிடம் இல்லை என்பது குருஷேவின் பதில். இரு வல்லரசுகளின் விவாதத்தில் பெண்ணின் உழைப்பு பேசுபொருளாயிற்று. பேசிய இருவரும் ஆண்கள். நான்கே ஆண்டுகளில், 1963இல், 'தி ஃபெமினைன் மிஸ்டிக்' என்ற நூலில் பெட்டி ஃப்ரீடன், அத்தகைய வீடுகளுக்குள் இருந்த பெண்களின் மனக்குறையை வெளிக்கொணர்ந்தார்.

சமையலறையின் வடிவமைப்பில் இக்கேள்வி முன்பே எழுந்துவிட்டது. மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்கென வடிவமைத்த சமையலறையின் பரப்பு ஏறத்தாழ 6.5 சதுர மீட்டர்தான். சமைப்பவர் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் கணக்கிடப்பட்டது. நடை குறைந்தது, நேரம் மிஞ்சியது. ஆனால் அங்கே இன்னொருவர் கைகொடுக்க இடமில்லை. சமைப்பவர் நான்கு சுவர்களுக்குள் தனித்துப்போனார். 1952இல் திறக்கப்பட்ட, லெ கொர்பூசியே மார்சேய் நகரில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஷார்லட் பெரியான் கண்ட விடை வேறு. அவர் சமையலறையைக் கூடத்தை நோக்கித் திறந்துவைத்தார். இடையே ஒரு பரிமாறும் மேடை மட்டுமே. சமைப்பவர் வீட்டாரின் உரையாடலிலிருந்து விலக்கப்படவில்லை. அந்தக் காலகட்டத்தின் மெய்யான கொடை இதுவே என்போம்.

எனவே மீட்டெடுப்பில் முதலிடம் வண்ணத்துக்கு அன்று, இடத்துக்கு. இருவர் முட்டிக்கொள்ளாமல் வேலை செய்ய இயலுமா? பாத்திரம் துலக்குபவர் கண்முன் சுவர் இருக்கிறதா, சன்னல் இருக்கிறதா? மேடையின் உயரம் சமைப்பவரின் உயரத்துக்குப் பொருந்துகிறதா? இவற்றுக்குப் பின்னரே பொருள்களின் முறை வரும்.

அதிலும் ஒரு முரண் உண்டு. உறுதியான பழைய எஃகு அலமாரிகளைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, அவற்றின் சாயலில் செய்த புதியவற்றை வாங்குவது பழமைப்பற்று ஆகாது. பழைய வண்ணத்தை முறையாக நீக்கி, கார்களுக்கு வண்ணம் பூசும் பட்டறையில் கொடுத்தால் அவை இன்னும் பல்லாண்டு உழைக்கும். அதற்காகப் பழையன யாவும் காக்கத்தக்கவை என்றும் சொல்வதற்கில்லை. அக்காலத் தரை ஓடுகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. ஈயம் கலந்த வண்ணத்தை வீடுகளில் பூச அமெரிக்கா 1978இல்தான் தடைவிதித்தது. சோதித்துப் பாராமல் ஓட்டைப் பெயர்ப்பதும் சுவரைச் சுரண்டுவதும் உடலுக்குக் கேடு.

அக்காலத்தில் ஆபத்தானவை ஓடும் வண்ணமும் மட்டுமல்ல. அடுப்பின் முன் எப்போதும் ஒருவரே, அதுவும் பெண்ணே, நிற்பார் என்ற எண்ணமும் அச்சுவர்களோடு சேர்த்துக் கட்டப்பட்டதுதான். அதையும் பெயர்த்தெடுக்காத புதுப்பிப்பு அரைவேலையே. வண்ண அட்டையைப் புரட்டும் முன், அவ்வீட்டில் அன்றாடம் சமைக்கப்போகிறவரிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பதே முதல் வேலையாக இருக்கட்டும்.