சாவிக்கொத்து யார் கையில்?

மூன்றாம் ஆண்டு, இளமறிவியல் (கணினி அறிவியல்)

அறிவியல் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வரும் காலம் இது. அவ்வளர்ச்சியைப் பாராட்டுவோர் பலர். அதற்கு வேலி கட்டுவோர் சிலரே. அந்த வேலியைப் பற்றியே சில சொல்ல விழைகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் குடியிருப்பது ஒரு வளவு வீடு. தெருவாசல் ஒன்று, உள்ளே ஆறு குடித்தனங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு உண்டு. எனினும் எல்லாப் பூட்டுகளுக்கும் மாற்றுச் சாவி வீட்டுக்கார ஆச்சியின் இடுப்பில் தொங்கும். குடித்தனக்காரர் ஒருவர் தம் சாவியைத் தொலைத்தால் இழப்பு ஒரு வீட்டோடு போகும். ஆச்சியின் கொத்து தொலைந்தால்? வளவே போயிற்று!

இன்றைய சர்வர்களும் வளவு வீடுகளே. ஒரே இயந்திரத்துக்குள் பல ‘மெய்நிகர் கணினி’களைக் குடியமர்த்தும் முறையை ஐ.பி.எம். நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே தன் பெருங்கணினிகளுக்கு அறிவித்தது. 1998இல் தோன்றிய வி.எம்.வேர் நிறுவனம் அதைச் சிறு சர்வர்களுக்கும் கொண்டுவந்தது. இக்கணினிகளைத் தொடங்கவும், நிறுத்தவும், நகலெடுக்கவும், அழிக்கவும் ஒரு மேலாண்மைப் பக்கம் உண்டு. அதுவே ஆச்சியின் சாவிக்கொத்து. அதற்குள் நுழைந்தவன் ஒவ்வொரு கணினியின் கடவுச்சொல்லையும் தேடி அலைய வேண்டியதில்லை. அனைத்தையும் ஒரே வீச்சில் முடக்கிவிடலாம்.

சென்ற விடுமுறையில் இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் கணினி அறைக்குப் பயிற்சிக்குச் சென்றேன். தொழிலாளர் சம்பளம், பஞ்சு இருப்பு, நூல் விற்பனை ஆகிய மூன்றும் ஒரே சர்வரில் மூன்று மெய்நிகர் கணினிகளாக ஓடின. அவற்றின் பேக்கப்பும் அதே பெட்டிக்குள்! விருந்தினருக்கான வைஃபையில் இருந்த என் கைப்பேசியிலேயே மேலாண்மைப் பக்கம் திறக்கக் கண்டு திடுக்கிட்டேன். எல்லோருக்கும் ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். வேலையை விட்டுப் போனவருக்கும் அது தெரியும். பொறுப்பாளரிடம் சொன்னேன். “தம்பி, நம்ம ஊர் மில்லைத் தேடி எவன் வரப்போறான்?” என்று சிரித்தார். வாசலில் காவலுக்கு அசல் இராஜபாளையம் நாய் நின்றது. உள்ளே சாவிக்கொத்து கேட்பாரற்றுக் கிடந்தது.

திருடன் ஊர் பார்த்தா வருகிறான்? 2023 பிப்ரவரியில் ‘இ.எஸ்.எக்ஸ்.ஐ. ஆர்க்ஸ்’ என்னும் பிணைப்பணத் தாக்குதலில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான வி.எம்.வேர் சர்வர்கள் சிக்கின. இணையத்தை நோக்கித் திறந்து கிடந்த பழைய பதிப்புகளே பெரும்பாலும் அகப்பட்டன. பிரெஞ்சு அரசின் கணினிப் பாதுகாப்புக் குழு சுட்டிக்காட்டிய ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே திருத்தம் வெளிவந்திருந்தது. இரண்டாண்டுகள் அதனைப் பொருத்தாதிருந்தது யார் குற்றம்?

பிரித்து வைப்பதன் பயனை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் புகுந்தது. அவ்வலை முக்கிய உள்வலையினின்றும் பிரிக்கப்பட்டிருந்தது என்றும், நிலையத்தின் இயக்க அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அறிவித்தது. மாறாக, 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ஐந்து சர்வர்கள் முடங்கின; பணிகள் தாளுக்கும் பேனாவுக்கும் திரும்பின. வலைகள் முறையாகப் பிரிக்கப்படாமையே காரணம் என நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. தாக்குதலுக்கு ஆளாகாத ஒரு பேக்கப் சர்வரே நோயாளிகளின் பதிவுகளை மீட்டுத் தந்தது.

ஆகவே, மேலாண்மைப் பக்கம் இணையத்திலிருந்தும் பொது வைஃபையிலிருந்தும் எட்டாத தனி வலையில் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும், கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும். விலகிச் செல்பவரின் அனுமதி அன்றே நீக்கப்பட வேண்டும். திருத்தங்களைக் காலத்தே பொருத்த வேண்டும். பேக்கப்பை அதே கொத்தால் திறக்க முடியாத வேறிடத்தில் வைக்க வேண்டும்.

“நள்ளிரவில் சர்வர் நின்றால் வீட்டிலிருந்தே சரிசெய்ய வேண்டாமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதற்கு வி.பி.என். எனும் காவலுள்ள தனிப்பாதை இருக்கிறது. வசதிக்காக வாசலையே பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை.

அரண் என்று தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். அதைப் படித்துத் தேர்வெழுதிய நான், பொறுப்பாளர் சிரித்தவுடன் வாயடைத்துப் போனேன். பயிற்சிச் சான்றிதழ் கிடைக்காமற் போகுமோ என்ற அச்சம்! ஆனால் சம்பளக் கணக்கு அழிந்தால் அல்லற்படுபவர் யார்? இரவு ஷிப்டு முடிந்து கண்சிவந்து வரும் தொழிலாளி அல்லவா? என் மௌனத்துக்கு அவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

இக்கட்டுரையின் படி ஒன்றை அப்பொறுப்பாளருக்கும் அனுப்புகிறேன். மாணவ நண்பர்களே, நாளை நீங்களும் ஏதேனும் ஒரு கணினி அறையில் அமர்வீர்கள். முதல் நாளன்றே கேளுங்கள்: இங்கே சாவிக்கொத்து யார் கையில்?