எட்டு போடத் தெரியுமா உங்க ஸ்போர்ட்ஸ் காருக்கு?



போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வகுப்பில் ஒரே சண்டை. உலகத்திலேயே சிறந்த கார் எது என்பதுதான் பிரச்சினை. "நூறு கிலோமீட்டர் வேகத்த மூணே செகண்டுல தொட்டுரும்லா!" என்றான் ஒருவன். "நம்ம காரு டாப் ஸ்பீடு முந்நூத்தம்பது!" என்றான் இன்னொருவன். (அவன் வீட்டில் இருப்பது சைக்கிள். அது வேறு கதை.) நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அந்தக் கார் எப்படித் திரும்பும்?"

எல்லோரும் சிரித்தார்கள். "திரும்புறதுல என்ன இருக்கு? ஸ்டியரிங்க சுத்துனா திரும்பும்!" என்றார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

என் கருத்து இதுதான். ஒரு கார் நேர் ரோட்டில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது அதன் எஞ்சினின் பெருமை. வளைவில் எப்படித் திரும்புகிறது, திரும்பும்போது நம் கைக்கு என்ன சொல்கிறது என்பதுதான் அந்தக் காரின் பெருமை.

என் அப்பா இருபது வருஷமாக டூரிஸ்ட் கார் ஓட்டுகிறார். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று சுற்றுவார். ஐயப்ப சாமிகள் சீசனில் புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு பக்கம் போவார். அவர் அடிக்கடி சொல்வது: "ஏட்டி, நேர் ரோட்டுல யாரும் ஓட்டிருவான். வளைவுலதான் டிரைவர் யாரு, வண்டி எதுன்னு தெரியும்."

முதலில் திரும்பும் ஆரத்தைப் பார்ப்போம். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக ஒரு சுற்று வந்தால் கார் ஒரு வட்டம் போடும். அந்த வட்டத்தின் ஆரம்தான் அது. டாடா நானோவுக்கு 4 மீட்டர். மாருதி 800-க்கு 4.4 மீட்டர். நம் ஊர் ஆட்டோவுக்கு சுமார் 3 மீட்டர்தான். அதனால்தான் ஆட்டோ அண்ணாச்சிகள் பஜார் நடுவிலேயே ஒரே ஒடியில் திருப்பிக்கொண்டு போகிறார்கள்! 2011-ல் வந்த லம்போர்கினி அவென்டடாருக்கோ திரும்பும் வட்டத்தின் விட்டம் 12.5 மீட்டர். அதாவது ஆரம் 6 மீட்டருக்கும் மேல். கோடிக்கணக்கான ரூபாய் கார் நம் தெருவுக்கு வந்தால் முன்னே, பின்னே, முன்னே, பின்னே என்று தவிக்கும்.

ஏன் இப்படி? வேகமான காருக்குச் சாலையைப் பிடிக்க அகலமான டயர் வேண்டும். அகலமான டயர் ரொம்பத் திரும்பினால் உள்ளே இடிக்கும். அதிக வேகத்தில் ஆடாமல் நிற்க முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே நீளம் வேண்டும். நீளம் கூடினால் வட்டமும் பெரிதாகும். ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்கத்தான் வேண்டும்.

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தேர்ச் சக்கரங்கள் ஆட்டோ சக்கரம் மாதிரித் திரும்பாது. ரத வீதி முக்கு வந்ததும் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்புகிறார்கள். வடம் பிடித்து இழுக்க ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் முக்கில் தேரைத் திருப்புவது கட்டை போடும் அந்த நாலு பேருடைய கணக்குத்தான்.

கார் கம்பெனிக்காரர்களும் இதற்கு வழி தேடினார்கள். 2013-ல் வந்த போர்ஷே 911 டர்போவில் பின் சக்கரமும் லேசாகத் திரும்பும். 50 கி.மீ. வேகத்துக்குக் கீழே முன் சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பி வட்டத்தைச் சிறிதாக்கும். 80 கி.மீ.க்கு மேலே அதே பக்கம் திரும்பி வண்டியை உறுதியாக்கும். பிறகு லம்போர்கினியும் அவென்டடார் எஸ் காருக்கு இப்படி நாலு சக்கரத் திருப்பத்தைக் கொடுத்தது. மொனாக்கோவில் நடக்கும் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு உண்டு. மணிக்கு 300 கி.மீ. போகக்கூடிய கார்கள் அங்கே 50 கி.மீ.க்கு இறங்கித் தவழ்கின்றன. அந்த ஒரு வளைவுக்காகவே முன் சக்கரம் கூடுதலாகத் திரும்பும்படி காரை மாற்றிக்கொண்டு வருகிறார்கள். இப்போது சொல்லுங்கள், திரும்புவதில் ஒன்றுமே இல்லையா?

"அப்படின்னா ஆட்டோதான் உலகத்திலேயே பெஸ்ட் வண்டியா?" என்று என் தோழி மடக்கினாள். நல்ல கேள்வி! மெதுவாகத் திரும்புவது வேறு, வேகமாகத் திரும்புவது வேறு. வளைவில் வண்டியை உள்பக்கம் இழுத்துப் பிடிப்பது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள உராய்வு. தேவைப்படும் மையநோக்கு முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் வரும் என்று இயற்பியல் வகுப்பில் படித்திருக்கிறோம். 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். ரோடு சமதளம், உராய்வுக் குணகம் காய்ந்த ரோட்டில் 0.7, நனைந்த ரோட்டில் 0.4 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காய்ந்த ரோட்டில் சுமார் 42 கி.மீ. வரை தாங்கும். சாரலில் சுமார் 32 கி.மீ.தான். வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் பிடிப்பு நாலு மடங்கு. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் எந்தக் காரும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

சரி, அந்த எல்லை நெருங்குகிறது என்று ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? மீட்டர் சொல்லாது. கைதான் சொல்லும்! வளைவில் முன் டயரை ரோடு நேராக்கப் பார்க்கும். அந்த எதிர்ப்பு ஸ்டியரிங்கில் கனமாகத் தெரியும். பிடிப்பு போகப் போகிறது என்றால், வழுக்குவதற்குச் சற்று முன்னாலேயே அந்தக் கனம் குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். 'மகளே, போதும், வேகத்தைக் குறை' என்று கார் சொல்லும் சொல் அது. இதைத்தான் ஸ்டியரிங் உணர்வு என்கிறார்கள். அப்பா பவர் ஸ்டியரிங் இல்லாத அம்பாசிடரில் ஓட்டக் கற்றவர். "கையில சேதி வரும்" என்பார். எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது.

இப்போதைய கார்களில் பெரும்பாலும் மின்மோட்டார்தான் ஸ்டியரிங்கைத் திருப்ப உதவுகிறது. பெட்ரோல் மிச்சம், கை வலி கிடையாது. ஆனால் சரியாக அமைக்காவிட்டால் ரோட்டின் சேதியை அந்த மோட்டார் நடுவிலேயே விழுங்கிவிடும். 1992-ல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1 கார் பின்னாளில் மணிக்கு 386 கி.மீ. வேகம் தொட்டது. அதில் பவர் ஸ்டியரிங்கே கிடையாது! வேகம் மட்டும் போதும் என்று நினைத்திருந்தால் அதை வடிவமைத்த கார்டன் மர்ரே அப்படிச் செய்திருப்பாரா?

போன வருஷம் சீசனில் என் பெரியப்பா மகன், சாரல் நேரத்தில், நண்பனின் புதுக் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு ஐந்தருவி ரோட்டுக்குப் போனான். வளைவில் கார் வழுக்கி ஓடையில் இறங்கிவிட்டது. வலது கை எலும்பு முறிவு. தெய்வாதீனமாக வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் அப்பா, "ஸ்டியரிங் லேசாச்சா, இல்லையாலே?" என்று கேட்டார். அவன் முழித்தான். "அது எப்பவும் லேசாத்தான் சித்தப்பா இருந்துச்சு" என்றான். அந்தப் பதில் என் மனசை விட்டுப் போகவே இல்லை. தப்பு அவன் மேல்தான், வேகம் அதிகம். ஆனால் கார் சொல்லும் சேதியைக் கேட்க அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை. டாப் ஸ்பீடு மட்டும் மனப்பாடமாகத் தெரியும்!

கோவையைச் சேர்ந்த கரிவரதன் 1988-ல் ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கினார். எஞ்சின் என்ன தெரியுமா? நம் மாருதி 800-ன் எஞ்சின்! அந்தக் காரில் பந்தயம் ஓட்டிப் பழகியவர்களில் ஒருவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். 800 எஞ்சினை வைத்துக்கொண்டு நேர் ரோட்டில் என்ன பெரிய சாகசம் செய்துவிட முடியும்? வளைவில் வேகத்தை வீணாக்காமல் திருப்பப் படித்தவன்தான் ஜெயிப்பான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். கோவை அருகே 2003-ல் தொடங்கிய பந்தயத் திடலுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

லேசான ஸ்டியரிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்டியை நிறுத்தும்போது லேசாக இருக்கட்டும். அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் அது வேண்டும். ஆனால் வேகம் ஏற ஏறக் கையில் கனம் வர வேண்டும், ரோடு பேச வேண்டும். அப்படிப்பட்ட காரைத்தான் நான் சிறந்த கார் என்பேன்.

நண்பர்களே, இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் நமக்குப் 18 வயதாகும், லைசென்ஸ் எடுக்கப் போவோம். அங்கே யாராவது நம்மை "நூறுல போய்க் காட்டு" என்று கேட்பார்களா? "எட்டு போட்டுக் காட்டு" என்றுதான் கேட்பார்கள். அரசாங்கத்துக்குத் தெரிந்த இந்த விஷயம் நம் வகுப்புப் பையன்களுக்குத் தெரிய வேண்டாமா? அடுத்த தடவை கார் சண்டை வந்தால் டாப் ஸ்பீடைச் சொல்வதற்கு முன்னால் திரும்பும் ஆரத்தைச் சொல்லுங்கள். அப்புறம் நானும் சண்டைக்கு வருகிறேன்!

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழுக்கு எழுதித் தரலாம்.

– ஒரு டிரைவர் மகள்,
பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு