விடுமுறையில் வரும் அம்மம்மா

“பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு விடுமுறை எதற்கு?” எனப் பெற்றோர் பலர் கேட்கின்றனர். சித்திரைப் புத்தாண்டு நாட்களிற்கூடப் பிள்ளைகளைத் தனியார் வகுப்புகளுக்கு அனுப்புகின்றனர். இதனை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

போர் காரணமாக 1990 இல் தடைப்பட்ட கொழும்பு - யாழ்ப்பாணம் புகையிரத சேவை 2014 இலேயே மீண்டும் ஆரம்பமானது. இடைப்பட்ட ஆண்டுகளில் பேரப்பிள்ளைகளின் முகம் காணாது ஏங்கிய முதியோர் பலர். இன்று அம்மம்மா பனங்கட்டியும் முருங்கைக்காயும் சுமந்து, முழங்கால் வலியையும் பொருட்படுத்தாது கொழும்புக்கு வருகின்றார். வந்தவர் காண்பது என்ன? காலையில் ஒரு வகுப்பு, மாலையில் இன்னொரு வகுப்பு. பேரன் உறங்கும் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றார்.

மருத்துநீர் வைக்கும்போது தலைக்கும் காலுக்கும் இலை வைப்பது ஏன், கைவிசேடம் வாங்கும் முறை என்ன என்பவற்றை அவரைப் போல் விளக்கக்கூடியவர் யார்? பழமொழிகளும் மரபுத்தொடர்களும் அவர் பேச்சில் இயல்பாகவே வருகின்றன. அவை தமிழ்ப் பாடத்துக்கும் துணையாகும்.

“போட்டி அதிகம், நாட்களை வீணாக்கலாமா?” எனச் சிலர் வாதிடுவர். அவர்களது அச்சம் நியாயமானதே. ஆயினும், தவறிய பாடத்தை அடுத்த வாரம் படிக்கலாம். அம்மம்மா அடுத்த ஆண்டும் வருவார் என்பதற்கு உறுதியில்லை.

ஆகவே, புத்தாண்டையொட்டி மூன்று நாட்களாவது வகுப்புகளை நிறுத்த ஆசிரியர்களும் பெற்றோரும் முன்வர வேண்டும். மாணவர்களே, அந்நாட்களில் நீங்களும் புத்தகத்தை மூடிவைத்து அவரருகில் அமருங்கள்.